வெளிநாட்டுப் பயணத்தில் இசிம்

இசிம் என்பது கைப்பேசியின் உள்ளேயே நிலையாகப் பொருத்தப்பட்டுள்ள ஒரு சிறு சில்லு. கடையில் வாங்கிச் செருகும் சிம் அட்டை செய்யும் வேலையையே இதுவும் செய்கிறது. அட்டையில் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சந்தா விவரங்கள் முன்கூட்டியே எழுதப்பட்டு வருகின்றன. இசிம்மில் அவை பின்னர் இணையம் வழியே பதிவிறக்கப்படுகின்றன. இதுவே இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு. 'எம்பெடட் சிம்', அதாவது உட்பொதிந்த சிம், என்ற பெயரின் சுருக்கமே இசிம்.

வெளிநாடு செல்பவருக்கு இதனால் கிடைக்கும் பெரிய நன்மை, ஊர் சிம்மைக் கழற்றாமலேயே அயல்நாட்டு டேட்டா இணைப்பைப் பெறலாம் என்பதாகும். முன்பெல்லாம் போய் இறங்கிய விமான நிலையத்தில் புது சிம் வாங்கி, பழைய சிம்மைக் காகிதத்தில் மடித்துப் பணப்பையில் வைத்துக்கொள்வது வழக்கம். கல்லூரிக் கட்டணம் செலுத்தவோ, அறைக்கு முன்பணம் கட்டவோ முயலும்போதுதான் சிக்கல் தெரியவரும். வங்கி அனுப்பும் ஓடிபி, பணப்பைக்குள் கிடக்கும் அந்த எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இசிம்மைச் சரியாகப் பயன்படுத்துவது என்றால், கைப்பேசியில் உள்ள இரண்டு இணைப்புகளுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பது. டேட்டா முழுவதும் பயண இசிம்மில். குறுஞ்செய்தியும் அவசர அழைப்பும் ஊர் எண்ணில். இந்தப் பிரிவினை எப்படி இயங்குகிறது, எங்கே தவறிப்போகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சிம் செய்யும் வேலை

சிம் என்பதைப் பலரும் தொலைபேசி எண்ணாகவே நினைக்கிறோம். உண்மையில் நம் தொலைபேசி எண் எந்தச் சந்தாதாரருக்கு உரியது என்ற இணைப்பு, நிறுவனத்தின் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. சிம்மில் இருப்பவற்றுள் முதன்மையானவை இரண்டு.

முதலாவது, ஐஎம்எஸ்ஐ எனப்படும் சந்தாதாரர் அடையாள எண். இது 15 இலக்கங்கள் வரை கொண்டது. இதன் முதல் 3 இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405, சிங்கப்பூருக்கு 525, மலேசியாவுக்கு 502, இலங்கைக்கு 413. ஒரு கைப்பேசி அயல்நாட்டில் இயங்கத் தொடங்கியதும் அது எந்த நாட்டுச் சந்தாதாரருடையது என்று அங்குள்ள வலையமைப்பு அறிந்துகொள்வது இந்த எண்ணைக் கொண்டுதான்.

இரண்டாவது, ஒரு ரகசியத் திறவி. இதன் ஒரு படி சிம்மிலும் மற்றொன்று நிறுவனத்திடமும் இருக்கும். கைப்பேசி வலையமைப்பில் சேர முயலும்போது, வலையமைப்பு ஏதேனும் ஒரு எண்ணை அதற்கு அனுப்புகிறது. சிம் அந்த எண்ணையும் தன் திறவியையும் சேர்த்துக் கணக்கிட்டு விடையைத் தருகிறது. நிறுவனமும் அதே கணக்கைச் செய்து பார்க்கிறது. இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் இணைப்பு கிடைக்கும். திறவி மட்டும் ஒருபோதும் சிம்மை விட்டு வெளியே போவதில்லை. சிம்மின் பாதுகாப்பு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

அட்டையிலிருந்து சில்லுக்கு

முதல் சிம் அட்டைகளை ஜெர்மனியின் மியூனிக் நகரத்தைச் சேர்ந்த கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் 1991-ல் தயாரித்து, பின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனத்துக்கு வழங்கியது. அவை இன்றைய வங்கி அட்டையின் அளவில் இருந்தன. பின்னர் 25 × 15 மி.மீ. அளவுள்ள மினி சிம், 15 × 12 மி.மீ. அளவுள்ள மைக்ரோ சிம், 12.3 × 8.8 மி.மீ. அளவுள்ள நானோ சிம் என அட்டை சுருங்கிக்கொண்டே வந்தது. சுருங்கியது சுற்றியுள்ள பிளாஸ்டிக் மட்டுமே. வேலை செய்யும் சில்லு ஏறக்குறைய அப்படியே இருந்தது. பிளாஸ்டிக்கை முற்றிலும் நீக்கிச் சில்லைக் கைப்பேசிக்குள் வைத்துவிடுவது அடுத்த படியாயிற்று.

இதற்கான பொதுத் தரநிலைகளை உலகக் கைப்பேசி நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ வகுத்தது. தொழிற்சாலைக் கருவிகள், வாகனங்கள் ஆகியவற்றுக்கான விதிகள் முதலில் வந்தன. பொதுமக்களின் கருவிகளுக்கான விதிகள் 2016-ல் வெளியாயின. அதே ஆண்டில் சாம்சங் கியர் எஸ்2 கடிகாரத்தின் 3ஜி வகையில் இசிம் இடம்பெற்றது. 2017-ல் கூகுள் பிக்சல் 2 கைப்பேசியிலும், 2018-ல் ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் ஆகியவற்றிலும் வந்தது. 2022-ல் அமெரிக்காவில் விற்கப்பட்ட ஐபோன் 14 வகைகளில் சிம் அட்டை செருகும் இடமே இல்லை.

சந்தா எப்படி இறங்குகிறது

ஒவ்வொரு இசிம் சில்லுக்கும் ஈஐடி எனப்படும் 32 இலக்க எண் உண்டு. கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண்ணுடன் இந்த எண்ணும் தெரியும். ஈஐடி தெரிந்தால் அந்தக் கைப்பேசியில் இசிம் வசதி உள்ளது என்று பொருள். வாங்கும் முன் செய்ய வேண்டிய முதல் சோதனை இது.

இசிம் வாங்கியவருக்குப் பொதுவாக ஒரு கியூஆர் குறியீடு மின்னஞ்சலில் வரும். சந்தா அந்தக் குறியீட்டுக்குள் இல்லை. அதில் இருப்பவை ஒரு சேவையகத்தின் முகவரியும், நமக்கென ஒதுக்கப்பட்ட ஓர் அடையாளச் சொல்லும்தான். கைப்பேசி அந்த முகவரியைத் தொடர்புகொண்டு அடையாளச் சொல்லைக் காட்டுகிறது. சில்லும் சேவையகமும் ஒன்றையொன்று சான்றிதழ்கள் மூலம் சரிபார்த்துக்கொள்கின்றன. அதன் பிறகு அடையாள எண், ரகசியத் திறவி உள்ளிட்ட சந்தாக் கோப்பு, குறிப்பிட்ட அந்தச் சில்லினால் மட்டுமே திறக்கக்கூடிய வகையில் மறையாக்கம் செய்யப்பட்டு இறங்குகிறது.

இந்தச் செயல்முறையிலிருந்து பயணிக்குத் தேவையான மூன்று செய்திகள் கிடைக்கின்றன.

• இசிம்மை இறக்குவதற்கே இணையம் தேவை. ஆகவே அயல்நாட்டில் இறங்கிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காமல், வீட்டு வைஃபையிலேயே நிறுவிவிடுவது நல்லது.
• ஒரு குறியீடு பெரும்பாலும் ஒருமுறைதான் பயன்படும். நிறுவிய இசிம் வேலை செய்யவில்லை என்று அதை நீக்கிவிட்டால், அதே குறியீட்டைக் கொண்டு மீண்டும் நிறுவ முடியாமல் போகலாம். சிக்கல் வந்தால் அணைத்துப் போடலாம். கைப்பேசியை மறுதொடக்கம் செய்யலாம். நீக்குவது கடைசி வழி.
• குறியீடு வந்திருக்கும் கைப்பேசியின் ஒளிப்படக் கருவியால் அதன் திரையையே படம் பிடிக்க முடியாது. குறியீட்டை மடிக்கணினியில் திறந்துவைக்கலாம், தாளில் அச்சிடலாம், அல்லது கீழே தரப்பட்டிருக்கும் முகவரியையும் அடையாளச் சொல்லையும் கையால் உள்ளிடலாம்.

ஒரே சில்லில் பல சந்தாக் கோப்புகளைச் சேமிக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் இயங்கக்கூடியவை பொதுவாக இரண்டு இணைப்புகள்தான். பல கைப்பேசிகளில் இது ஓர் அட்டையும் ஓர் இசிம்மும் ஆகும். சிலவற்றில் இரண்டு இசிம்களாகவும் இருக்கலாம்.

பயண இசிம்மும் ரோமிங்தான்

ஓர் இந்திய எண் சிங்கப்பூரில் இயங்கும்போது, அங்குள்ள நிறுவனம் தன் கோபுரங்கள் வழியே சேவையை வழங்கி, அதற்கான தொகையை இந்திய நிறுவனத்திடம் வசூலிக்கிறது. இதுவே ரோமிங். தனித்திட்டம் எதுவும் வாங்காமல் ரோமிங்கில் டேட்டா பயன்படுத்தினால் கட்டணம் மிக வேகமாக ஏறும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்காகவே சட்டம் கொண்டுவந்து, 2017 ஜூன் 15 முதல் தன் உறுப்பு நாடுகளுக்கிடையே ரோமிங்குக்கான கூடுதல் கட்டணத்தை நீக்கியது. இந்தச் சலுகை ஐரோப்பிய நிறுவனங்களின் சந்தாதாரர்களுக்கானது. இந்திய எண்ணுடன் ஐரோப்பா செல்பவருக்குப் பொருந்தாது.

பயணிகளுக்காக விற்கப்படும் பல இசிம்களும் உண்மையில் ரோமிங் சந்தாக்களே. ஏதேனும் ஒரு மூன்றாவது நாட்டு நிறுவனம் வழங்கிய சந்தாவை மொத்த விலையில் வாங்கி, குறிப்பிட்ட நாடுகளுக்கென்று சில்லறையாக விற்கிறார்கள். முன்பணம் கட்டிய அளவுடன் சேவை நின்றுவிடுவதால், எதிர்பாராத பெரிய தொகை வந்து சேரும் அச்சம் இதில் இல்லை.

இதனால் விளையும் குழப்பம் ஒன்று உண்டு. கைப்பேசியின் அமைப்புகளில் ஒவ்வோர் இணைப்புக்கும் 'டேட்டா ரோமிங்' என்ற பொத்தான் தனித்தனியே இருக்கும். ரோமிங் என்றாலே செலவு என்று பயந்து இரண்டையும் அணைத்துவிட்டால், பயண இசிம்மில் சமிக்ஞை தெரிந்தும் இணையம் வராது. பயண இசிம்முக்கு இந்தப் பொத்தான் இயங்க வேண்டும். ஊர் எண்ணுக்கு அணைந்திருக்க வேண்டும்.

மற்றொரு விளைவும் கவனிக்கத்தக்கது. ரோமிங் டேட்டா பல வேளைகளில் சந்தாவை வழங்கிய நிறுவனத்தின் நாட்டுக்குச் சென்று, அங்கிருந்தே இணையத்தில் கலக்கிறது. அதனால் நாம் சிங்கப்பூரில் இருந்தாலும் இணையதளங்களுக்கு வேறொரு நாட்டில் இருப்பதுபோல் தோன்றலாம். சில தளங்கள் வேறு மொழியில் திறக்கும். சில வங்கிச் செயலிகள் கூடுதல் சரிபார்ப்புக் கேட்கும். தரவு சுற்றிவருவதால் காணொலி அழைப்புகளில் சிறிது தாமதமும் ஏற்படலாம். கைப்பேசியில் பழுது இருப்பதாக எண்ண வேண்டியதில்லை.

ஊர் எண் உயிருடன் இருக்க வேண்டிய காரணம்

இந்திய அட்டைகளைக் கொண்டு இணையவழிப் பணம் செலுத்தும்போது இரண்டாவது சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009-லேயே கட்டாயமாக்கியது. நடைமுறையில் அது பெரும்பாலும் பதிவுசெய்த எண்ணுக்கு வரும் ஓடிபியாக உள்ளது. யுபிஐ செயலிகளும் கைப்பேசியில் உள்ள எண்ணுடன் பிணைக்கப்பட்டவை. சிம்மை மாற்றினால் அவை மறுபதிவு கேட்கின்றன. 2025 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகளும் பதிவுசெய்த சிம் கைப்பேசியில் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஊர் எண் நம் அடையாள அட்டையைப்போல ஆகிவிட்டது. அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பயணம் செய்வது நாளுக்கு நாள் கடினமாகி வருகிறது.

ஊர் எண்ணில் டேட்டாவை அணைத்து வைத்தாலும் குறுஞ்செய்தி வரும். குறுஞ்செய்திக்கு இணையம் தேவையில்லை. இந்திய நிறுவனங்கள் ரோமிங்கில் வந்துசேரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. ஆயினும் மூன்றை ஊரிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அந்த எண்ணில் சர்வதேச ரோமிங் வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். இயக்காத எண் அயல்நாட்டில் எந்தக் கோபுரத்திலும் சேராது, ஓடிபியும் வராது. அங்கே போய்ச் சேர்ந்த பின் இதை இயக்குவது பெரும்பாடு.

இரண்டாவது, முன்கட்டண எண்ணாக இருந்தால் அதன் செல்லுபடிக் காலம் பயணம் முடியும்வரை நீடிக்க வேண்டும். நீண்ட காலம் தங்கப்போகும் மாணவர்கள், வீட்டில் ஒருவரிடம் ரீசார்ஜ் நாளைச் சொல்லிவைப்பது நல்லது.

மூன்றாவது, குரல் அழைப்பு. பல நாடுகள் பழைய வலையமைப்புகளை மூடிவிட்டன. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலிலும், 3ஜி சேவை 2024-லும் நிறுத்தப்பட்டன. அங்கெல்லாம் குரல் அழைப்பு 4ஜி வழியேதான் செல்ல முடியும். கைப்பேசியில் வோல்ட்டி வசதி இயங்குவதுடன், ஊர் நிறுவனத்துக்கும் அயல்நாட்டு நிறுவனத்துக்கும் அதற்கான உடன்பாடும் இருக்க வேண்டும். ரோமிங் திட்டம் இல்லாத நிலையில் ஊர் எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்தாலே நிமிடக் கணக்கில் கட்டணம் விழும் என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டாரிடம் வாட்ஸ்அப்பில் அழைக்கச் சொல்லிவிட்டால் இந்தச் செலவு இல்லை.

ஒரு பயணம்: சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு

மேற்படிப்புக்காகச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் சாங்கி விமான நிலையத்தில் இறங்குவது நள்ளிரவு. தங்குமிடத்தின் முகவரி, சேர்க்கைக் கடிதம், வாடகைக் கார் செயலி எல்லாமே கைப்பேசிக்குள் இருக்கின்றன. முதல் ஒரு மணி நேரத்தில் இணையம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய பெற்றோரின் கவலை.

ஒரு வாரத்துக்கு முன்: அவர் *#06# அழுத்தி ஈஐடி இருப்பதைப் பார்க்கிறார். கைப்பேசி ஏதேனும் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கிறார். அயல்நாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த கைப்பேசிகளில் இது அடிக்கடி நேர்கிறது. பூட்டிய கைப்பேசி வேறு நிறுவனத்தின் சந்தாவை ஏற்காது. ஊர் எண்ணில் சர்வதேச ரோமிங்கை இயக்குகிறார். வாடகைக் கார் செயலியை நிறுவி, ஊர் எண்ணுக்கு ஓடிபி பெற்றுப் பதிவையும் முடித்துவிடுகிறார்.

கிளம்பும் முன்நாள்: வீட்டு வைஃபையில் பயண இசிம்மை நிறுவுகிறார். திட்டத்தின் நாட்கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதை முன்பே படித்திருக்கிறார். பல திட்டங்களில் அது அயல்நாட்டு வலையமைப்பில் முதல்முறை சேரும்போது தொடங்கும். சிலவற்றில் நிறுவிய உடனே தொடங்கிவிடும். இரண்டு இணைப்புகளுக்கும் 'ஊர்', 'பயணம்' என்று பெயரிட்டுக்கொள்கிறார். பிற்பாடு அவசரத்தில் பொத்தான் மாறாமல் இருக்க இது உதவும். சிங்கப்பூரின் வரைபடத்தை இணையமின்றிப் பார்க்கும்படி இறக்கிக்கொள்கிறார். தங்குமிடத்தின் முகவரியைத் தாளிலும் எழுதிக்கொள்கிறார்.

விமானத்தில்: கைப்பேசி விமானப் பயன்முறையில் இருக்கும்போதே அமைப்புகளைத் திறந்து, டேட்டாவுக்குப் 'பயணம்' இணைப்பைத் தேர்ந்தெடுக்கிறார். அதில் டேட்டா ரோமிங்கை இயக்கி, 'ஊர்' இணைப்பில் அணைக்கிறார். ஐபோன் போன்ற கைப்பேசிகளில் ஓர் இணைப்பின் சமிக்ஞை குறைந்தால் மற்றதன் டேட்டாவுக்குத் தானே மாறிக்கொள்ளும் வசதி உண்டு. அதையும் அணைக்கிறார். சிக்கனமாகச் செலவழித்துவிட்டுத் திரும்பியவருக்கும் பெரிய ரோமிங் கட்டணம் வருவதற்கு இந்த ஒரு பொத்தான் போதும்.

தரையிறங்கியதும்: விமானப் பயன்முறையை நீக்கிச் சில நிமிடங்கள் காத்திருக்கிறார். இரண்டு சமிக்ஞைக் கோடுகள் தோன்றுகின்றன. இணையம் வராவிட்டால் ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதற்கும் வராவிட்டால், விற்பனையாளர் மின்னஞ்சலில் தந்திருக்கும் ஏபிஎன் என்ற அணுகுபுள்ளிப் பெயரை அமைப்புகளில் உள்ளிட வேண்டும். அதற்கும் பயனில்லை என்றால் விமான நிலையத்தின் இலவச வைஃபை கைகொடுக்கும். அதைக் கொண்டு விற்பனையாளரைத் தொடர்புகொள்ளலாம்.

எல்லை தாண்டும்போது: விடுமுறை நாளில் அவர் தோழிகளுடன் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போகிறார். ஜொகூர் நீரிணையைக் கடக்கும் தரைப்பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் கைப்பேசிக்கு அது வேறு நாடு. சிங்கப்பூருக்கென்று மட்டும் வாங்கிய இசிம் மலேசியக் கோபுரங்களில் சேராது. எல்லையோரமான உட்லண்ட்ஸ் பகுதியில் கைப்பேசி அக்கரைச் சமிக்ஞையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. இரு நாடுகளுக்கும் போய்வருபவர்கள் வட்டாரத் திட்டம் ஒன்றை வாங்குவதே வசதி.

சில நாட்களுக்குப் பின்: பயண இசிம் முதல் சில நாட்களுக்குத்தான் ஏற்றது. மாதக்கணக்கில் தங்குபவருக்கு உள்ளூர் இணைப்பே மலிவு; உள்ளூர் எண்ணும் கிடைக்கும். கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவுசெய்து அதை வாங்கிக்கொள்ளலாம். அதையும் இசிம்மாகவே பெற்றால் ஊர் அட்டை தன் இடத்திலேயே இருக்கும்.

எவ்வளவு டேட்டா தேவை

திட்டத்தின் விலையை ஒப்பிடும் முன் தேவையைக் கணக்கிட வேண்டும். வரைபடம், செய்தி, மின்னஞ்சல் ஆகியவை குறைவாகவே டேட்டா எடுக்கும். இணையம் வழியான குரல் அழைப்பும் அப்படியே. காணொலிதான் பெருந்தீனிக்காரன். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே தரும் கணக்கின்படி, சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரையும், உயர்தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரையும் செலவாகும். ஒரு திரைப்படம் பார்த்தால் ஒரு வாரத் திட்டமே தீர்ந்துவிடக்கூடும்.

நாம் அறியாமல் நடக்கும் செலவு இன்னொன்று. எடுத்த ஒளிப்படங்களைத் தானே மேகக் கிடங்குக்கு ஏற்றுவது, செயலிகளைத் தானே புதுப்பிப்பது, வாட்ஸ்அப்பில் வரும் காணொலிகளைத் தானே இறக்குவது ஆகிய மூன்றையும் வைஃபையில் மட்டும் நடக்கும்படி மாற்றிவிட்டால் சிறிய திட்டமே போதும். கடந்த மாதம் கைப்பேசியில் எவ்வளவு டேட்டா செலவானது என்பதை அமைப்புகளில் பார்த்து மதிப்பிடலாம். வீட்டு வைஃபையில் செலவானது அதில் சேராது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

'வரம்பற்றது' என்று விற்கப்படும் திட்டங்களில், நாளொன்றுக்குக் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேகத்தைக் குறைக்கும் நிபந்தனை இருக்கக்கூடும். கைப்பேசியின் இணையத்தை மடிக்கணினிக்குப் பகிர அனுமதி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். இந்திய நிறுவனங்களே விற்கும் ரோமிங் திட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது தவறில்லை. இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு, அழைப்பு வசதியும் சேர்ந்த அத்திட்டங்கள் சில வேளைகளில் எளிமையானவை.

வாங்குவதில் உள்ள கட்டுப்பாடுகள்

அயல்நாட்டு சிம்களை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். 2024 ஜனவரியில், ஏரலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரு பயண இசிம் நிறுவனங்களின் செயலிகள், அரசின் வேண்டுகோளின்பேரில் இந்தியாவுக்கான ஆப்பிள், கூகுள் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. இணையவழி மோசடிகளுக்கு அயல்நாட்டு எண்கள் பயன்படுவது குறித்த கவலை இதன் பின்னணியில் இருந்தது. எனவே ஊரிலிருந்தே வாங்குபவர், விற்பவருக்கு உரிய அனுமதி உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். அனுமதி பெற்றவர் கடவுச்சீட்டு, விசா போன்ற சான்றுகளைக் கேட்பது இயல்பு.

சில நாடுகள் வேறு வகையில் கட்டுப்படுத்துகின்றன. 2025 ஜூலையில் துருக்கி, பல பயண இசிம் விற்பனையாளர்களின் தளங்களை நாட்டுக்குள் முடக்கியது. முன்பே நிறுவிக்கொண்டு போனவர்களுக்கு இணைப்பு இருந்தது. அங்கே போய் வாங்க நினைத்தவர்களால் தளத்தைத் திறக்கவே முடியவில்லை. சீனப் பெருநிலத்தில் விற்கப்பட்ட பெரும்பாலான ஐபோன் வகைகளில் இசிம்முக்குப் பதிலாக இரண்டு அட்டைகள் செருகும் வசதிதான் இருந்தது. பழைய கைப்பேசி வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெரும்பாலான பயண இசிம்கள் டேட்டாவை மட்டுமே தருகின்றன. தொலைபேசி எண் தருவதில்லை. உள்ளூர் எண் ஒன்றைக் கேட்கும் சேவைகளில் அவை உதவாது.

ஊர் எண் அட்டையிலா, இசிம்மிலா?

ஊர் எண்ணையும் இசிம்மாக மாற்றிக்கொள்வதா என்ற கேள்வி பலருக்கு எழுகிறது. இரு பக்கமும் நியாயம் உண்டு. அட்டையாக இருந்தால், கைப்பேசி பழுதாகிவிட்டாலும் அதைக் கழற்றி வேறு கைப்பேசியில் போட்டு ஓடிபி பெறலாம். இசிம்மாக இருந்தால், அயல்நாட்டில் அமர்ந்துகொண்டு அதைப் புதுக் கைப்பேசிக்கு மாற்றுவது எளிதன்று. மறுபுறம், கைப்பேசியைத் திருடியவர் அட்டையை எளிதில் உருவிவிடலாம். இசிம்மை உருவ முடியாது.

உருவிய அட்டையை வேறு கைப்பேசியில் போட்டு ஓடிபிகளைப் பெறுவதைத் தடுக்க, சிம் பின் என்ற பூட்டு உதவும். இதை இயக்கினால், கைப்பேசியைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் சிம் ஒரு கடவு எண்ணைக் கேட்கும். மூன்று முறை தவறாக இட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். திறக்க நிறுவனம் தரும் பியூகே எண் வேண்டும். அந்த எண்ணை முன்பே பெற்றுக் குறித்துவைத்துக்கொண்டு இதை இயக்குவது நல்லது.

மாற்றுவது என்று முடிவுசெய்தாலும் பயணத்துக்கு முன்நாள் அதைச் செய்யக் கூடாது. சிம் மாற்று மோசடிகளைத் தடுப்பதற்காக, இந்தியாவில் ஓர் எண்ணின் சிம் மாற்றப்பட்டால் அதற்கு 24 மணி நேரம் குறுஞ்செய்திச் சேவை நிறுத்தப்படுகிறது. அந்த ஒரு நாளும் ஓடிபி வராது.

மோசடி குறித்து

தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, 'உங்கள் சிம்மை இசிம்மாக மேம்படுத்துகிறோம்' என்று அழைப்பவர்கள் உண்டு. அவர்கள் அனுப்பும் இணைப்பை அழுத்தினாலோ, வந்த குறியீட்டைப் படித்துக் காட்டினாலோ, நம் எண் அவர்களுடைய கைப்பேசியில் இசிம்மாக இறங்கிவிடும். நம் கைப்பேசியில் சமிக்ஞை மறையும். வங்கியின் ஓடிபிகள் அவர்களுக்குப் போகும். காரணமின்றிச் சமிக்ஞை நீண்ட நேரம் மறைந்தால், வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். நிறுவனத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். இந்தியாவுக்குள் இருப்பவர்கள் 1930 என்ற இணையவழிக் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். அயல்நாட்டில் இருப்பவர், தன் வங்கியின் அயல்நாட்டு அழைப்புக்கான எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்திருப்பது அவசியம். கியூஆர் குறியீட்டையும் யாருக்கும் அனுப்பக் கூடாது. நிறுவப்படாத குறியீட்டை முதலில் பயன்படுத்துபவருக்கே சந்தா போய்ச் சேரும்.

திரும்பிய பின்

ஊர் வந்து இறங்கியதும் டேட்டா இணைப்பை மீண்டும் ஊர் எண்ணுக்கு மாற்றிவிட்டு, பயண இசிம்மை அணைத்துவிடலாம். பல விற்பனையாளர்கள் அதே இசிம்மில் மீண்டும் பணம் செலுத்திப் பயன்படுத்த இடம் தருகிறார்கள். அடுத்த பயணம் அருகில் இருந்தால் நீக்காமல் வைத்திருக்கலாம். கைப்பேசியை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ போகிறவர், அதிலுள்ள இசிம்கள் அனைத்தும் நீக்கப்பட்டுவிட்டனவா என்று பார்த்த பிறகே கைமாற்ற வேண்டும். அட்டையைக் கழற்ற மறந்தால் வாங்குபவரே கண்டு திருப்பித் தருவார். நீக்க மறந்த இசிம் கண்ணுக்குத் தெரியாமல் கைப்பேசியோடு போய்விடும்.